சோஷியல் மீடியா போஸ்ட்ல தீசிஸ்: டாபிக் எடுக்கறதுன்னா உண்மையில எதை எடுக்கறது?

வருஷா வருஷம் சினாப்சிஸ் (தீசிஸ்ல என்ன பண்ணப் போறோம்னு முன்னாடியே எழுதிக் குடுக்கற சுருக்கம்) குடுக்கற நேரம் வந்தா எனக்கு ரெண்டு மூணு போன் வந்துடும். எல்லாம் ஜூனியர் பசங்கதான், "அக்கா, சோஷியல் மீடியா போஸ்ட் அனலைஸ் பண்ணி தீசிஸ் பண்ணலாம்னு இருக்கேன், ஓகேவா?"ன்னு கேப்பாங்க, சரி டாபிக் என்னன்னு நான் கேட்டா "அதான்க்கா, சோஷியல் மீடியா"ன்னு திரும்ப அதையே சொல்லுவாங்க. கூடவே ஒரு நம்பிக்கை வேற, டேட்டா எல்லாம் நெட்லயே கொட்டிக் கிடக்கு, ஃபீல்டுக்கு போக வேண்டாம், வீடு வீடா கேள்வித்தாள் தூக்கிட்டு அலைய வேண்டாம், ஏசி ரூம்ல உக்காந்து மூணு மாசத்துல முடிச்சிடலாம்னு. நானும் அப்படி நம்பித்தான் ஆரம்பிச்சேன், மூணு மாசம் கழிச்சு கையில இருந்தது எதுக்கும் உதவாத ஒரு எக்செல் ஷீட். அந்த கதைய நடுவுல சொல்றேன்.

இந்த விஷயத்துல நிறைய பேர் குழப்பிக்கறது ஒரே எடத்துலதான். "சென்டிமென்ட் அனாலிசிஸ் பண்றேன்", "ட்விட்டர்ல பண்றேன்", "ஏஐ வெச்சு பண்றேன்"னு சொல்றாங்க, இதெல்லாம் கருவி, இடம், வண்டி. எதுக்கு கிளம்பினோம்ங்கறது மட்டும் அதுல இருக்காது.

கோயம்பேடும் வத்தக்குழம்பும்

நாளைக்கு வீட்டுக்கு பத்து பேர் சாப்பிட வர்றாங்க, என்ன சமையல்னு கேட்டா "கோயம்பேடு"ன்னு யாராவது பதில் சொல்லுவாங்களா? கோயம்பேட்டுல எல்லாம் கிடைக்கும், ஆனா எல்லாம் கிடைக்கறதுங்கறதே ஒரு சமையல் ஆகிடாது. வத்தக்குழம்புன்னு முடிவு பண்ணிட்டு போனா சுண்டக்காய் வத்தல், புளி, சின்ன வெங்காயம்னு அஞ்சு நிமிஷத்துல வாங்கிட்டு வந்துடலாம், பக்கத்து கடையில காலிஃப்ளவர் பாதி விலைக்கு கொட்டி வெச்சிருந்தாலும் திரும்பி பாக்க மாட்டோம். முடிவு பண்ணாம போனா ரெண்டு பை நிறைய காய் வரும், வீட்டுக்கு வந்து என்ன பண்றதுன்னு முழிப்போம்.

சோஷியல் மீடியாங்கறது மார்க்கெட். ரிசர்ச் கேள்விங்கறதுதான் குழம்பு. ரிசர்ச் கேள்வின்னா பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல, பதில் இப்படியும் வரலாம் அப்படியும் வரலாம்ங்கற நிலைமையில இருக்கற, நீங்க எடுக்கற போஸ்ட்டுகள படிச்சாலே பதில் சொல்ல முடியற ஒரு கேள்வி, அவ்வளவுதான். இந்த ரெண்டு பாதியும் முக்கியம். "வெள்ள நேரத்துல மக்கள் சோஷியல் மீடியாவ யூஸ் பண்றாங்களா?"ன்னு கேட்டா முதல் பாதியிலயே அவுட், ஏன்னா பதில் ஆமான்னு எல்லாருக்கும் தெரியும். "சோஷியல் மீடியாவால மக்கள் மனநிலை மாறுச்சா?"ன்னு கேட்டா ரெண்டாவது பாதியில அவுட், ஏன்னா மனநிலை மாறுச்சான்னு தெரிஞ்சுக்க ஆளுங்கள போய் பாக்கணும், போஸ்ட்ட படிச்சா தெரியாது.

இனிமே ஒரே உதாரணத்த புடிச்சிட்டு போவோம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழையில சென்னை மூழ்குச்சு, வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர்னு பல ஏரியாவுல நாள் கணக்குல தண்ணி நின்னுச்சு. அது வடியறதுக்குள்ள அதே மாசம் 17, 18ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வரலாறு காணாத மழை, காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ஒரு ரயில் முழுக்க ஆளுங்க வெளிய வர முடியாம மாட்டிக்கிட்டாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள ஒரே மாநிலத்துல ரெண்டு வெள்ளம், ஒண்ணு தலைநகரத்துல, இன்னொண்ணு தெக்கு கோடியில. இதுல கேள்வி எப்படி பொறக்கும்னா: உதவி கேட்டு எழுதினவங்கள்ல எத்தனை பேர் ஆள் தேடிப் போற அளவுக்கு இடத்த எழுதியிருக்காங்க, அதுல சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வித்தியாசம் இருக்கா? எனக்கு பதில் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, படிச்சா தெரியும். இது டாபிக்.

(என்னோட முதல் சினாப்சிஸ் தலைப்பு "பேரிடர் காலங்களில் சமூக ஊடகங்களின் பங்கு: ஓர் ஆய்வு". ரிவ்யூல ஒரு மேடம் கண்ணாடிய கழட்டிட்டு, "எந்த பேரிடர், எந்த ஊடகம், யாரோட பங்கு?"ன்னு மூணே கேள்வி கேட்டாங்க. பேப்பர் திரும்பி வந்துடுச்சு. அந்த 'ஓர் ஆய்வு'ங்கறத எதுக்கு போட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, தீசிஸ்னா ஆய்வுதானே.)

இதுவரைக்கும் பாத்தது: இடமும் கருவியும் டாபிக் ஆகாது. பதில் தெரியாத, போஸ்ட்ட படிச்சு பதில் சொல்ல முடியற ஒரு கேள்வி வேணும்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், சரி, எந்த பானை?

நம்ம பழமொழியிலயே பெரிய ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாடம் இருக்கு. ஒரு பருக்கைய நசுக்கி பாத்து பானை முழுக்க வெந்துடுச்சான்னு சொல்லிடலாம். இதுக்கு பேரு சாம்ப்ளிங், அதாவது மொத்தத்துலேருந்து கொஞ்சத்த எடுத்து பாத்து மொத்தத்த பத்தி சொல்றது. ஆனா இது ஏன் வேலை செய்யுது? பானையில தண்ணியும் அரிசியும் ஒண்ணா கொதிச்சு கலந்து கிடக்கு, எங்க கரண்டி விட்டாலும் ஒரே சோறுதான். அதே கரண்டிய தம் பிரியாணி அண்டாவுல விட்டு பாருங்க, மேல வெள்ளை சாதம், நடுவுல மசாலா, அடியில கறி. மேலாப்புல ஒரு கரண்டி எடுத்துட்டு "இது வெஜிடபிள் பிரியாணி"ன்னு எழுதி கையெழுத்து போட்டா எப்படி இருக்கும்? சோஷியல் மீடியாவ வெச்சு "தமிழக மக்கள் நினைக்கிறார்கள்"னு எழுதறது பெரும்பாலும் இந்த கரண்டி வேலைதான்.

2012ல அமெரிக்காவுல சாண்டி புயல் அடிச்சப்போ 2 கோடிக்கும் மேல ட்வீட் வந்துச்சு. அதுல அதிகமா வந்தது நியூயார்க்கோட மான்ஹாட்டன்லேருந்து. அத மட்டும் பாத்தா புயல் நேரா மான்ஹாட்டன் தலையிலதான் விழுந்துச்சுன்னு தோணும், ஆனா ரொம்ப அடி வாங்கினது பிரீசி பாயின்ட், கோனி ஐலண்ட், ராக்கவே மாதிரி கடலோர ஏரியாக்கள். அங்கேருந்து ட்வீட் கம்மி. கரண்ட் இல்ல, டவர் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, இதுல எங்கேருந்து ட்வீட் போடறது. நமக்கு இது புரிய அமெரிக்கா போகவே வேண்டாம், 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி டெல்டாவுல தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு கிடந்தப்போ பல ஊர்ல நாள் கணக்குல கரண்ட் கிடையாது, யார் எழுதியிருப்பா? அதிகமா பாதிக்கப்பட்டவன் கம்மியா எழுதுவான். போஸ்ட் எண்ணிக்கைய பாதிப்போட அளவா எடுத்துக்கிட்டா தலைகீழ் பதில் கூட வரலாம்.

எலெக்ஷன் ரிசல்ட்ட ட்வீட் வெச்சு கணிக்கறேன்னு வர்றவங்களுக்கு நான் எப்பவும் ஜெர்மனி கதைய சொல்லுவேன். 2009 ஜெர்மனி தேர்தலுக்கு முன்னாடி வந்த சுமார் ஒரு லட்சம் ட்வீட்ட எடுத்து, எந்த கட்சி பேரு எத்தனை தடவை வருதுன்னு எண்ணி, அந்த பங்கும் ஓட்டு பங்கும் கிட்டத்தட்ட ஒத்துப் போகுதுன்னு 2010ல ஒரு பேப்பர் வந்துச்சு, ஏகப்பட்ட பேர் அத மேற்கோள் காட்டினாங்க. அப்புறம் வேற சிலர் வந்து ஒரே ஒரு சின்ன கேள்வி கேட்டாங்க: நீங்க பார்லிமென்ட்ல ஏற்கனவே இருந்த கட்சிகள மட்டும்தானே எண்ணினீங்க, பைரேட் பார்ட்டிய ஏன் விட்டீங்க? அது இன்டர்நெட் பசங்க சேந்து நடத்தின கட்சி. அதையும் சேத்து எண்ணி பாத்தா ட்விட்டர் கணக்குப்படி ஜெர்மனியில ஜெயிச்சிருக்க வேண்டியது பைரேட் பார்ட்டி! நிஜத்துல அதுக்கு கிடைச்சது 2 சதவீத ஓட்டு, ஒரு சீட்டும் கிடைக்கல.

அப்போ போஸ்ட்ட வெச்சு ஒண்ணுமே சொல்ல முடியாதான்னு பயந்துடாதீங்க. கேள்விய போஸ்ட்ட பத்தி கேளுங்க, மக்கள பத்தி கேக்காதீங்க. "தூத்துக்குடி மக்கள் எவ்வளவு கஷ்டப்பட்டாங்க"ங்கறது மக்கள பத்தின கேள்வி. "உதவி கேக்கற கமெண்ட்ல என்ன தகவல் இருக்கு, என்ன இல்ல"ங்கறது கமெண்ட்ட பத்தின கேள்வி, இதுக்கு கமெண்ட்டே முழு சாட்சி. டீக்கடை பெஞ்சுல உக்காந்து கேட்டத வெச்சு ஊரே இப்படித்தான் நினைக்குதுன்னு எழுத முடியாது, ஆனா டீக்கடையில எப்படி பேசிக்கறாங்கன்னு தாராளமா எழுதலாம்.

சமையல்கட்டுக்குள்ள விட மாட்டாங்க, கவுன்டர்லதான் வாங்கணும்

டேட்டா கொட்டிக் கிடக்குன்னு சொன்னேனே, கிடக்கறது உண்மை, எடுக்க விடறாங்களாங்கறது வேற விஷயம். மெஸ்ல சமையல்கட்டுக்குள்ள நீங்களா போய் அள்ளிக்க முடியாது, டோக்கன் வாங்கி கவுன்டர்ல நீட்டினா அவங்க குடுக்கறத வாங்கிக்கணும். சோஷியல் மீடியா கம்பெனிங்க வெச்சிருக்கற அந்த கவுன்டருக்கு பேரு ஏபிஐ. உங்க புரோகிராம் போய் "இந்த வீடியோவோட கமெண்ட் குடு"ன்னு கேக்கும், அது ஒழுங்கா அடுக்கி குடுக்கும். எவ்வளவு குடுக்கணும், காசா ஓசியான்னு முடிவு பண்றது மெஸ் ஓனர்.

பழைய தீசிஸ் எல்லாம் பாத்தீங்கன்னா முக்காவாசி ட்விட்டர்லதான் இருக்கும், காரணம் அந்த கவுன்டர் தாராளமா இருந்துச்சு. 2021 ஜனவரியில ஆராய்ச்சியாளர்களுக்குன்னே தனி வழி திறந்து மாசம் ஒரு கோடி ட்வீட் வரைக்கும் இலவசமா குடுத்தாங்க. 2022 கடைசியில கம்பெனி கை மாறின பிறகு, 2023ல அந்த வழிய மூடிட்டு, ட்வீட் எடுக்க அடிமட்ட பிளானே மாசம் 100 டாலர், அதுக்கு 10,000 ட்வீட்தான்னு ஆக்கினாங்க. ஃபேஸ்புக் பக்கங்கள அலச பலரும் நம்பியிருந்த கிரவுட்டேங்கிள்ங்கற கருவிய 2024 ஆகஸ்ட்ல ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டா மூடிடுச்சு. டிக்டாக் இந்தியாவுல 2020 ஜூன்லேருந்தே கிடையாது. அதனால 2019ல வந்த ஒரு பேப்பர பாத்து "இதே மாதிரி நானும்"னு டாபிக் எடுத்தா கவுன்டர் ஷட்டர் இறங்கியிருக்கும்.

இப்போதைக்கு மாணவர்களுக்கு நிம்மதியான எடம்னா யூடியூப்தான். ஒரு நாளைக்கு 10,000 யூனிட் இலவசம், கமெண்ட் கேக்க ஒரு தடவைக்கு 1 யூனிட், ஒரு தடவைக்கு 100 கமெண்ட் வரைக்கும் வரும். தேடறதுக்கு மட்டும் 100 யூனிட் போயிடும், அதனால வீடியோவ நீங்களே உக்காந்து கையால தேடி லிஸ்ட் போட்டுட்டு கமெண்ட்ட மட்டும் ஏபிஐல எடுங்க. வெள்ள நேரத்துல நியூஸ் சேனல் வீடியோ ஒவ்வொண்ணுக்கும் கீழ நம்ம ஆளுங்க என்ன எழுதுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், "சார் எங்க தெருவுக்கு யாரும் வரல"ன்னு ஆரம்பிச்சு வீட்டு நம்பர் வரைக்கும்.

இன்னொரு விஷயம், இது சீக்கிரம் யாரும் சொல்லித் தர மாட்டாங்க. நீங்க ஆறு மாசம் கழிச்சு எடுக்கற டேட்டா அன்னிக்கு இருந்த டேட்டா கிடையாது. "போட் வந்துடுச்சு, நன்றி"ன்னு சொல்லிட்டு உதவி கேட்ட போஸ்ட்ட பலர் அழிச்சுடுவாங்க, போன் நம்பர் இருக்கேன்னு அழிப்பாங்க. அப்போ மிச்சம் இருக்கறதுல உதவி கிடைக்காதவங்க பங்கு தானா கூடித் தெரியும். இத தீசிஸ்ல ஒரு பத்தியா எழுதிட்டா அது நேர்மை, வைவாவுல, அதாவது கடைசியா நடக்கற வாய்மொழித் தேர்வுல, கேள்வி கேக்கறவங்க கண்டுபிடிச்சா மாட்டிப்பீங்க.

சுருக்கமா: முதல்ல கவுன்டர் திறந்திருக்கான்னு பாருங்க, அப்புறம் மெனு யோசிங்க. ரெண்டு கரண்டி எடுத்து பாக்காம சினாப்சிஸ்ல கையெழுத்து போடாதீங்க.

புயல்னு தேடினா ரஹ்மான் வந்தார்

இப்ப என் எக்செல் ஷீட் கதை. கேள்வி எதுவும் இல்லாம, 'புயல்', 'வெள்ளம்'னு ரெண்டு வார்த்தைய போட்டு கண்ணுல பட்ட கமெண்ட்ட எல்லாம் அள்ளினேன். ஆயிரக்கணக்குல வந்துச்சு, ஒரே சந்தோஷம். ஒரு ஞாயித்துக்கிழமை காபி போட்டுட்டு உக்காந்து படிக்க ஆரம்பிச்சா, இசைப்புயல் பர்த்டேவுக்கு வாழ்த்து. அதுக்கு கீழ வைகைப்புயல் காமெடி. அடுத்தது புரட்சிப்புயல் மேடைப் பேச்சு. சரி புயல விடுவோம், வெள்ளத்த பாப்போம்னு போனா ரசிகர் வெள்ளம், மக்கள் வெள்ளம், கண்ணீர் வெள்ளம், அச்சு வெல்லத்த 'வெள்ளம்'னு எழுதின ஒரு பொங்கல் ரெசிபி கூட இருந்துச்சு. நிஜமா தண்ணிக்குள்ள நின்னு எழுதின ஆள் எங்கயோ நடுவுல இருந்தார்.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, தேவையில்லாதது வந்தது கண்ணுக்கு தெரியும், வராதது தெரியாது. மிக்ஜாம்னு சிலர், மிச்சாங்னு சிலர், மிக்ஜாங்னு சிலர், நிறைய பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழ அடிப்பாங்க, அதுல ஒரே வார்த்தைக்கு ஏழெட்டு ஸ்பெல்லிங். உதவி கேக்கறவன் புயல் பேரையே எழுத மாட்டான், "இடுப்பளவு தண்ணி, கைக்குழந்தை இருக்கு"ன்னுதான் எழுதுவான். நீங்க தேடற வார்த்தைதான் உங்க வலை, மீன் சைஸ் தெரியாம வலை பின்னினா என்ன சிக்கும்?

அதனாலதான் வார்த்தை லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருநூறு போஸ்ட்ட கையால படிங்கன்னு சொல்றேன். அதுக்கு குறுக்குவழி கிடையாது.

லேபிள் போடறது: பருப்பு பொறுக்கற மாதிரிதான், ஆனா ரெண்டு பேர் பொறுக்கணும்

படிச்சாச்சு, இப்ப பிரிக்கணும். ஒவ்வொரு போஸ்ட்டையும் படிச்சு "உதவி கேக்குது", "தகவல் சொல்லுது", "திட்டுது", "பிரார்த்தனை"ன்னு ஒரு பெட்டியில போடறதுக்கு லேபிள் போடறதுன்னு சொல்லுவாங்க. சென்டிமென்ட் அனாலிசிஸ்னு எல்லாரும் சொல்றதும் இதோட ஒரு வகைதான், அதுல பெட்டிங்க நல்லது, கெட்டது, ரெண்டுமில்லன்னு இருக்கும்.

நம்ம ஆளுங்க எழுத்துல இது எவ்வளவு கஷ்டம்னு பாருங்க. "நாலே நாள்ல கரண்ட் குடுத்துட்டாங்க, கோடி நன்றி ஐயா"ன்னு ஒருத்தர் எழுதறார்னு வெச்சுக்கோங்க. நன்றி இருக்கு, கோடி இருக்கு, ஐயா இருக்கு, மெஷின் இத நல்லது பெட்டியில தூக்கி போட்டுடும். நமக்கு தெரியும் அவர் எந்த மூஞ்சியோட எழுதினார்னு. "பீச்சுக்கு போகணும்னு பசங்க கேட்டுட்டே இருந்தாங்க, பீச்சே ஹாலுக்கு வந்துடுச்சு" இதுவும் அதே கதை. அந்தப் பக்கம் "கொலை மாஸ்", "மிரட்டிட்டான்", "தரமான சம்பவம்"னு வந்தா வார்த்தை எல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை, அர்த்தம் எல்லாம் பாராட்டு. 2020ல தமிழும் இங்கிலீஷும் கலந்த யூடியூப் கமெண்ட் 15,744 எடுத்து ஒரு டேட்டாசெட் வெளியிட்டாங்க, சினிமா டிரெய்லர்களுக்கு கீழ வந்த கமெண்ட்தான். அதுலயே நல்லது கெட்டது மட்டும் வெச்சா பத்தாதுன்னு கலவையான உணர்வுக்கு ஒரு பெட்டி, தமிழே இல்லாததுக்கு ஒரு பெட்டின்னு வெச்சாங்க. (புதுசா டேட்டா எடுக்க வழியில்லாதவங்களுக்கு இந்த மாதிரி ஏற்கனவே இருக்கற டேட்டாவுல புது கேள்வி கேக்கறதும் ஒரு நல்ல தீசிஸ்தான், யாரும் அத கேவலமா நினைக்க மாட்டாங்க.)

சரி, நீங்க போட்ட லேபிள் சரியான்னு யார் சொல்றது? இன்னொருத்தர் அதே போஸ்ட்டுக்கு, உங்க விடைய பாக்காம, லேபிள் போடணும். அப்புறம் எத்தனைல ஒத்துப் போறீங்கன்னு பாக்கணும். இங்கதான் ஒரு பொறி இருக்கு, நம்பரோட பாத்துடுவோம். 100 கமெண்ட், கேள்வி ஒண்ணுதான், உதவி கேக்குதா இல்லையா. நீங்க 20ல ஆமான்னு போட்டீங்க, ஃப்ரெண்டும் 20ல ஆமான்னு போட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே லேபிள் போட்டது 84 கமெண்ட்ல. 84 சதவீதம், சூப்பர்னு தோணுதா? பிரிச்சு பாருங்க, ரெண்டு பேரும் இல்லைன்னு சொன்னது 72, ரெண்டு பேரும் ஆமான்னு சொன்னது வெறும் 12. அதாவது நீங்க "உதவி"ன்னு புடிச்ச 20ல 8ஐ ஃப்ரெண்டு ஒத்துக்கல. உங்க தீசிஸே உதவி கமெண்ட்ட பத்தினது, அங்கதான் ஓட்டை.

பெரும்பாலான கமெண்ட் 'இல்ல' பெட்டியா இருக்கும்போது கண்ண மூடிட்டு போட்டாலே நிறைய ஒத்துப் போகும். அந்த அதிர்ஷ்டத்த கழிச்சுட்டு மிச்சத்த மட்டும் கணக்கு பண்றதுக்குத்தான் கப்பான்னு ஒரு அளவு, ஜேகப் கோஹென் 1960ல குடுத்தது. இந்த உதாரணத்துல குருட்டாம்போக்குல ஒத்துப் போக வாய்ப்பு: ரெண்டு பேரும் ஆமான்னு சொல்ல 0.2 பெருக்கல் 0.2, அது 0.04, ரெண்டு பேரும் இல்லைன்னு சொல்ல 0.8 பெருக்கல் 0.8, அது 0.64, மொத்தம் 0.68. நிஜமா ஒத்துப் போனது 0.84. வித்தியாசம் 0.16. அதிர்ஷ்டத்துக்கு மேல போக இருந்த இடம் 1லேருந்து 0.68 போக 0.32. 0.16ஐ 0.32ஆல வகுத்தா 0.5. பாதி தூரம்தான் வந்திருக்கோம். பொதுவா 0.6ஐ தாண்டினா பரவாயில்லன்னு எடுத்துப்பாங்க, 0.8ஐ தாண்டினா வைவாவுல கால் மேல கால் போட்டு உக்காரலாம், மனசுக்குள்ள.

கப்பா கம்மியா வந்தா ஃப்ரெண்ட திட்டாதீங்க. தப்பு அநேகமா பெட்டிக்கு நீங்க எழுதின விளக்கத்துலதான் இருக்கும். "பள்ளிக்கரணையில பால் கிடைக்குதா?" இது உதவி கேக்கறதா, தகவல் கேக்கறதா? இதுக்கு ஒரு விதி எழுதி வெச்சீங்கன்னா அடுத்த ரவுண்டுல ஏறிடும்.

இப்ப எல்லாரும் கேக்கறது, இத ஏன் கையால பண்ணணும், சாட்ஜிபிடிகிட்ட குடுத்தா போட்டுடாதான்னு. போடும், ரொம்ப வேகமா, ரொம்ப தைரியமா போடும். அது போட்டது சரியான்னு பாக்க மனுஷங்க ரெண்டு பேர் போட்ட லேபிள் வேணும் இல்ல? அதனால முதல் முந்நூறு நானூற எப்படியும் நீங்கதான் போடணும், மிச்சத்த அதுகிட்ட விட்டு உங்களோடத வெச்சு பரீட்சை திருத்தலாம். அது எங்க தப்பு பண்ணுதுங்கறதே ஒரு சாப்டர் ஆகும், அந்த கரண்ட் கமெண்ட் மாதிரி.

இந்த பகுதியில: லேபிள்னா பெட்டி பிரிக்கறது, ஒரே ஆள் பிரிச்சா செல்லாது, ஒத்துப் போறத அதிர்ஷ்டம் கழிச்சு கணக்கு பண்ணணும்.

பப்ளிக்காதானே போட்டாங்க?

இந்த கேள்விய நானும் கேட்டிருக்கேன். வெள்ள கமெண்ட்ட பத்து படிச்சப்புறம் கேக்கறத நிறுத்திட்டேன், ஏன்னா அதுல வீட்டு விலாசம் இருக்கு, போன் நம்பர் இருக்கு, "அம்மா தனியா இருக்காங்க, டயாலிசிஸ் பேஷன்ட்"னு இருக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர் தன்னோட தரவ தானே பொதுவுல போட்டிருந்தா அதுக்கு பொருந்தாது. ஆனா கவனிங்க, அந்த அம்மா போடல, துபாய்ல இருக்கற பையன் போட்டான். அம்மாவ யாரும் கேக்கல.

நடைமுறையில நான் பண்றது மூணு. யூசர் பேர் இருக்கற எக்செல் நெடுவரிசைய டவுன்லோட் பண்ண அன்னிக்கே அழிச்சுட்டு நம்பர் குடுத்துடுவேன். போன் நம்பர், விலாசம் வர்ற எடத்துல "இடம் உண்டு", "போன் உண்டு"ன்னு மட்டும் குறிச்சுக்குவேன், நம்ம கேள்விக்கு அதுவே போதும், எந்த தெருங்கறது தேவையில்ல. தீசிஸ்ல உதாரணம் காட்டும்போது கமெண்ட்ட அப்படியே போடாம அர்த்தம் மாறாம மாத்தி எழுதுவேன், அப்படியே போட்டா அந்த வரிய தேடி ஆள கண்டுபிடிச்சுடலாம். வாட்ஸப் குரூப்புல இருக்கறத அள்ளிட்டு வந்து "டேட்டா"ன்னு சொல்ற பசங்களுக்கு ஒரே வார்த்தை, வேண்டாம். குரூப்புல உங்கள சேத்தது அபார்ட்மென்ட் தண்ணி லாரி விஷயத்துக்கு.

கைடுகிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு வாரம்

ஒரு வாரத்த ஒதுக்குங்க. முதல் நாள் ஷோத்கங்காவுல உங்க ஏரியாவுல ஏற்கனவே யார் என்ன பண்ணியிருக்காங்கன்னு தேடுங்க, இந்திய பல்கலைக்கழகங்களோட பிஎச்டி தீசிஸ் ஏராளமா அங்க இலவசமா இருக்கு, கடைசி சாப்டர்ல "மேற்கொண்டு செய்யக்கூடியவை"ன்னு ஒரு பகுதி வரும், நேரா அங்க போங்க, டாபிக் தேடறவங்களுக்கு அது புதையல். அடுத்த நாலு நாள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு இருநூறு போஸ்ட் படிங்க. லேபிள் எல்லாம் போட வேண்டாம், "அட"ன்னு தோணற எடத்துல எல்லாம் ஒரு கோடு, அவ்வளவுதான். எனக்கு ரெண்டாவது முயற்சியில அந்த "அட" எங்க வந்துச்சுன்னா, உதவி கேக்கற பல கமெண்ட்ல தெரு பேர் இருக்கு, ஊர் பேர் இல்ல. "காந்தி தெரு, மூணாவது வீடு". தமிழ்நாட்டுல எத்தனை காந்தி தெரு! பயத்துல எழுதறவங்களுக்கு தன்னோட ஊர் எல்லாருக்கும் தெரியும்ங்கற நினைப்பு. என்னோட கேள்வி அந்த காந்தி தெருவுலதான் பொறந்துச்சு, எந்த புத்தகத்துலயும் இல்ல.

ஆறாவது நாள் அந்த கோடுகள்லேருந்து மூணு கேள்வி எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, பதில் ஆமான்னு வந்தா என்ன எழுதுவேன், இல்லைன்னு வந்தா என்ன எழுதுவேன்னு ஒவ்வொரு வரி. ரெண்டு வரியில ஒண்ணு எழுத வரலைன்னா அந்த கேள்விய அடிச்சுடுங்க. ஏழாவது நாள் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரியாணி வாங்கி குடுத்து ஐம்பது கமெண்ட்டுக்கு லேபிள் போட வைங்க, கப்பா எவ்வளவு வருதுன்னு பாத்துடுங்க.

தலைப்பு கடைசியா. என்னோடது இப்படி முடிஞ்சது: "2023 டிசம்பர் சென்னை, தூத்துக்குடி வெள்ளங்களின்போது யூடியூப் செய்திக் காணொளிகளின் கமெண்ட்டுகளில் உதவிக் கோரிக்கைகள்: இடக்குறிப்பு உள்ளவையும் இல்லாதவையும்". மூச்சு வாங்குது, நீளமா இருக்குன்னு கைடு முகம் சுளிச்சார், இருக்கட்டும்னு விட்டுட்டேன், ஏன்னா மேடம் கேட்ட மூணு கேள்விக்கும் பதில் தலைப்புலயே இருந்துச்சு. ரிவ்யூல ஒருத்தர் "இதுல 'தாக்கம்'னு ஒரு வார்த்தை சேத்தா கனமா இருக்குமே"ன்னார். தாக்கம்னு போட்டா எது எதை தாக்குச்சுன்னு காட்டணும், கமெண்ட் போட்டதால போட் வந்துச்சான்னு நான் நிரூபிக்கணும், என்கிட்ட இருக்கறது கமெண்ட் மட்டும்தான் சார், போட் ஓட்டினவங்ககிட்ட நான் பேசவே இல்லன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு, தாக்கம் இல்லாமலே கையெழுத்து போட்டார்.